எட்டு ஒன்பதுகள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. சாட்சி மூன்று பேர். இருவர் இன்றும் தேகு நகரில் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறார்கள். மூன்றாமவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பேசத்தான் மாட்டார்.

நவம்பர் இருபத்துமூன்றாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து இருபதுக்கு, வெண்ணாரை கல்யாண மாளிகையின் ஐந்தாம் மாடியில் ஐடி மேனேஜர் மேங் ஹேரான் ஒரு துண்டு கிம்பாப்பை வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில், சர்வர் அறையிலிருந்து சாமந்தி வாசனை வந்தது. கருகல் நாற்றம் வந்திருந்தாலாவது ஒரு நியாயம் உண்டு. ஹேரான் துண்டை வாயில் போட்டு, நன்றாக மென்று விழுங்கிவிட்டு எழுந்தாள். இந்தக் கட்டடத்தில் எதற்காகவும் ஓடுவதில்லை என்று அவள் முடிவுசெய்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

கதவைத் திறந்தால், மனிதனை விட உயரமான பதினான்கு பூ அலங்காரத் தட்டிகள் சர்வர்களுக்கு மேலே சாய்ந்து நின்றன. டைரக்டர் தோ போங்சுவின் சிக்கனம் அது. முந்தின நாள் கல்யாணத்துக்கு யாரோ அனுப்பிய வாழ்த்துத் தட்டியில் நாடாவை மட்டும் மாற்றி, மறுநாள் கல்யாணத்துக்கு நிறுத்துவார்கள். நடுவில் பூ வாடாமல் இருக்கக் குளிர்ந்த இடம் வேண்டும். மாளிகையிலேயே குளிர்ந்த இடம் சர்வர் அறை. பூக்கள் குத்தியிருந்த ஈரப் பஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக முதன்மை இயந்திரத்துக்குள் இறங்கியிருந்தது. அது ஒரு விக்கல் விக்கி அடங்கியது.

அடுத்த நான்காவது விநாடியில், நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் குமி ஊரில் இருந்த இரண்டாவது இயந்திரம் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அதற்காகத்தான் அதை வைத்திருந்தார்கள். தேகுவில் எழுதப்படும் ஒவ்வொரு முன்பதிவையும் அந்த விநாடியே குமியில் பிரதி எடுத்து வைக்கும் ஒரு மென்பொருள் இரண்டையும் இணைத்தது. டைரக்டர் தோ நாடாக் கத்தரிக்கோலோடு வந்து பார்த்து, கை தட்டினார்.

"பாத்தீங்களா மேங் மேனேஜர். நாலே செகண்டு. ஒரு அலர்ட் கூட வரல."

"வராது டைரக்டர் சார். வரக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"அதத்தான் நானும் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் காப்பி வரவழைத்தார்.

அவர் சொன்னது ஏப்ரல் மாதத்தில். பிரதி ஐந்து விநாடிக்கு மேல் பின்தங்கினால் பதினோரு பேர் கைப்பேசிக்கு எச்சரிக்கை போகும்படி ஆரம்பத்தில் அமைத்திருந்தார்கள். ஒரு முறை அது டைரக்டர் தோ கோல்ஃப் மட்டையை ஓங்கிய தருணத்தில் போனது. பந்து குளத்தில் விழுந்தது. மறுநாள் அவர் மென்பொருள் கம்பெனியின் ஆளை அழைத்து, ஐந்து விநாடியை ஐந்து நிமிடமாக்கச் சொன்னார். பிறகு ஒரு மணி நேரம் ஆக்கச் சொன்னார். பிறகு, மாமனார் திவசத்தில் குனிந்து கும்பிட்டபோது பை அதிர்ந்ததால், "இதுல போடக்கூடிய பெரிய எண் எது?" என்று கேட்டார். அந்த ஆள், "பெட்டியில எட்டு இலக்கம் கொள்ளும் சார்," என்றான். "எட்டும் ஒன்பதாப் போடு." போட்டான். ஒன்பது கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்துச் சொச்சம் விநாடிகள். கணக்குப் பார்த்தால் மூன்று வருடம் இரண்டு மாதம். அதுவரை பிரதி பின்தங்கினாலும் திரை பச்சையாகவே இருக்கும்.

இயந்திரம் எழுதும் லாக் என்ற நாட்குறிப்பையும் டைரக்டர் விட்டுவைக்கவில்லை. அதில் எதை எழுதலாம் என்பதற்கு நான்கு படிகள் உண்டு: எல்லாம், எச்சரிக்கை, பிழை, மரணம். "மத்ததெல்லாம் எதுக்கு, மனசுதான் கெடும்," என்று மரணம் மட்டும் போதும் என்றார். அதையும் ஒரு நாளில் அழித்துவிடச் சொன்னார். ஜூன் மாதம் 'எச்சரிக்கையே இல்லாத காலாண்டு' என்று தனக்குத்தானே ஒரு கேடயம் வழங்கிக்கொண்டார். சர்க்கரைவள்ளிக் கேக் வெட்டினார்கள்.

ஹேரான் ஏப்ரலிலேயே டைரக்டரை எச்சரித்து ஒரு மின்னஞ்சல் எழுதினாள். நான்கு வரி. பதில் வரவில்லை. அந்தக் கடிதத்தை அச்செடுத்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். ஒரு நாள் எல்லாம் கவிழும், அன்று அதை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டலாம் என்று காத்திருந்தாள். அந்த நாளைக் கற்பனை செய்வதில் கிடைத்த இன்பத்தில், பிரதி ஓடுகிறதா என்று தானாவது ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று தோன்றவே இல்லை. முட்டாள்களுக்கு நடுவில் தான் ஒருத்திதான் புத்திசாலி என்று தெரிந்தவள் எதற்காகக் குனிந்து பார்க்க வேண்டும்?

பிரதி ஜூலை பதினெட்டாம் தேதி நின்றுபோயிருந்தது. இரண்டு இயந்திரங்களுக்கும் நடுவிலிருந்த கணக்கின் கடவுச்சொல் அன்றோடு காலாவதி. அது மரணம் இல்லையாதலால் நாட்குறிப்பில் ஏறவில்லை. நூற்றிருபத்தெட்டு நாள் என்பது ஒரு கோடியே பத்து லட்சம் விநாடிதான். எட்டு ஒன்பதுகளுக்கு முன்னால் அது ஒரு எண்ணா.

ஆக, சனிக்கிழமை காலை பத்து இருபத்தொன்றுக்கு வெண்ணாரை மாளிகை ஜூலை மாதத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஜூலைக்குப் பிறகு முறிந்த கல்யாணங்களெல்லாம் ஒட்டிக்கொண்டன. மாப்பிள்ளை, பெண், விருந்தினர் எல்லோருக்கும் "உங்கள் திருமணம் நெருங்குகிறது" என்று செய்தி பறந்தது. பகல் இரண்டு மணிக்கு, செப்டம்பரில் சண்டைபோட்டுப் பிரிந்த ஒரு ஜோடி தனித்தனியாகத் திட்டுவதற்கு வந்தது. சாப்பாடு தயாராக இருந்தது, விளக்கும் எரிந்தது. திட்டிக்கொண்டே கல்யாணம் செய்துகொண்டு போனார்கள். அக்டோபரில் புதிதாகப் பதிவுசெய்தவர்கள் பூங்கொத்தோடு வாசலில் நின்றார்கள். அவர்களைப் பற்றி எந்த இயந்திரத்துக்கும் தெரியவில்லை.

இதையெல்லாம் ஹேரான் கிட்டத்தட்ட ரசித்தாள். இழுப்பறைச் சாவியைக்கூட எடுத்துவிட்டாள். அப்போதுதான் அவளுடைய கைப்பேசியிலும் செய்தி வந்தது.

*மணமகள் மேங் ஹேரான், மணமகன் நம்குங் சோக். நாளை ஞாயிறு, பகல் 1.10. மூன்றாம் மாடி, கமீலியா அரங்கு. விருந்தினர் 312.*

ஜூலை இருபத்தொன்றாம் தேதி அவள் ரத்துசெய்த கல்யாணம். பிரதி நின்று மூன்று நாள் கழித்து.

நம்குங் சோக் என்பவன் வேறு யாருமில்லை, எட்டு ஒன்பதுகளையும் தட்டச்சு செய்த மென்பொருள் கம்பெனி ஆள். நல்ல பல்வரிசை. எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பான், மின்தூக்கியிடம்கூட. அந்த ஜூலையில் ஒரு நாள் அவனுடைய கைப்பேசியில் தன் பெயருக்குப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்ட மணியை ஹேரான் பார்த்தாள். ஒரு கோழி வறுவல் கடையும் அவளும்தான் அவன் சத்தத்தை அடைத்துவைத்த பட்டியலில். "நீ நிறைய அனுப்புற இல்ல, அதுல முக்கியமானது ஏதாவது தவறிப்போயிடக் கூடாதுன்னுதான்," என்று அவன் விளக்கினான். அன்று மாலையே ரத்து.

இப்போதும் ரத்துசெய்யலாம், ஆனால் ஒரு பூட்டு இருந்தது. இரண்டு பேர் கைப்பேசிக்கும் ஆறு இலக்க எண் வரும். இரண்டையும் மூன்று நிமிடத்துக்குள் கொடுத்தால்தான் பதிவு அழியும்; ஜூலையில் சோக் பக்கத்திலிருந்து தன் எண்ணைச் சொன்னான். டைரக்டரோ, மேனேஜரோ, யாரும் குறுக்குவழியில் கைவைக்க முடியாது. மாளிகையில் ஒருவரையும் நம்பாமல் அந்தப் பூட்டைப் போட்டவள் ஹேரான்தான். வேலை சுத்தமாக இருந்தது. அவளாலேயே உடைக்க முடியவில்லை.

சோக்கைப் பதினான்கு முறை அழைத்தாள். மணியில் கோடு அப்படியே இருந்தது. அவனுடைய கம்பெனி உதவி எண்ணுக்கு அழைத்தாள்.

"உங்க புகார் பதிவாயிடுச்சும்மா," என்றது ஒரு பெண் குரல். "இன்ஜினியர் நம்குங் திங்கக்கிழமை கூப்பிடுவாரு."

"இன்னைக்கே வேணும்."

"இன்னைக்கு லீவு. நாளைக்கு அவருக்குக் கல்யாணமாம். இப்பதான் எங்க எல்லாருக்கும் மெசேஜ் வந்துச்சு."

அடுத்து உல்ஜினில் இருந்த அப்பாவை அழைத்தாள். கடற்கரை ஊர், பஸ்ஸில் மூன்று மணி நேரம். அப்பா எடுத்ததும் பின்னால் பெரிய அடுப்புச் சத்தம் கேட்டது.

"அப்பா, அந்த மெசேஜ் தப்பு. யாரும் கிளம்ப வேணாம்னு சொல்லுங்க."

"பஸ் சொல்லியாச்சேம்மா. நாப்பத்தோரு பேரு. வழியில திங்க பன்னி வெந்துகிட்டு இருக்கு."

"கல்யாணம் ரத்துன்னு ஜூலையிலயே சொன்னேன்ல."

"நீ என்கிட்ட சொன்ன. நான் ஊர்ல தள்ளிப்போச்சுன்னுதான் சொல்லி வச்சேன்." "உன் பெரியத்தைக்கு எம்பத்தாறு வயசு. புதுசா ஹன்போக் தச்சிருக்கா. பஸ் படிக்கட்டுல நின்னு உங்க அப்பன் பொய் சொன்னான்னு நீயே வந்து சொல்லு, நான் தடுக்கல."

ஹேரான் போனை வைத்தாள். கட்டடம் முழுக்க எந்த முகத்துக்கு நேரேயும் எதையும் நீட்டத் தயாராக இருந்தவளுக்கு, அந்த ஒரு படிக்கட்டை நினைத்தால் கை கூசியது. சோக்கைப் பிடித்து, ஒன்று பத்துக்கு முன் எண்ணை வாங்கிப் பதிவை அழித்துவிட்டால், விளக்கு எரியாது, கதவு திறக்காது. மின்சாரக் கோளாறு என்று சொல்லி எல்லோரையும் சாப்பிடவைத்து அனுப்பிவிடலாம். அப்பாவின் பொய் அப்பாவிடமே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வந்தாள். வந்ததும் அலங்கார அறைப் பெண்கள் இருவர் அவளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கையில் இயந்திரம் அச்சிட்ட சீட்டு இருந்தது.

"நான் ஐடி டிபார்ட்மெண்டுக்கா. கல்யாணப் பொண்ணு இல்ல."

"எல்லாரும் இப்படித்தான் கண்ணு சொல்லுவாங்க. கையத் தூக்கு."

சீட்டு ஜூலை அளவு. நான்கு மாத ஏளனத்தில் ஹேரானுக்கு இரண்டு கிலோ கூடியிருந்தது. முதுகில் பன்னிரண்டு கவ்விகளைப் போட்டு உடையை நிறுத்தினார்கள். மடிக்கணினியை மட்டும் அவள் விடவில்லை.

சோக் ஒன்று ஏழுக்குத்தான் வந்தான். கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை. அரங்கு வாசலில் அவளைப் பார்த்ததும் அவன் கண் கலங்கியது. ஹேரானுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நீ மனசு மாறிட்டேன்னு நெனச்சேன்," என்றான்.

"நான் மாறல. உன் சாஃப்ட்வேர் நாலு மாசம் பின்தங்கிக் கெடக்கு."

"அலர்ட் வந்திருக்குமே."

"எட்டு ஒன்பது."

"மன்னிச்சிரு," என்றான். பிறகு, "ஆனா நீயும் பின்னாடிதான் நின்ன. நான் டைப் பண்ணும்போது ஏதோ தின்னுகிட்டு இருந்த. சிரிச்ச."

ஹேரான் கையை நீட்டினாள். "போனைக் குடு," என்றாள்.

"ஒரே ஒரு நிமிஷம் பேசலாமா?"

"கோழி வறுவல் கடையோட பேசு."

மடிக்கணினியைக் கைமேல் திறந்து ரத்து பொத்தானை அழுத்தினாள். அவளுடைய எண் வந்தது, போட்டாள். திரையில் 3.00 என்று தோன்றி இறங்க ஆரம்பித்தது. சோக் கையுறையைக் கழற்றிவிட்டுப் பைக்குள் கையை விடப் பார்த்தான். ஒன்று பத்து ஆகிவிட்டது. வெண்ணாரையில் கல்யாணம் ரயில் மாதிரி, ஒரு நிமிடம் தாமதமானதாகச் சரித்திரம் இல்லை. "மணமகன் வருகை," என்று ஒலிபெருக்கி அறிவித்தது. கையுறை போட்ட இரண்டு பணியாளர்கள் சோக்கின் முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். கதவு மூடிக்கொண்டது.

மறுபடி திறந்தபோது 2.08. இருட்டு அரங்கில் வெள்ளைப் பாதை மட்டும் நேராக இருபத்தைந்து மீட்டருக்கு ஒளிர்ந்தது. அதன் மறுமுனையில், மேடையில், சோக் கைகளைத் தொடையோடு ஒட்டி நின்றான். அவனுடைய கோட்டின் உள்பைக்குள் ஏதோ மின்னி அணைந்தது. சத்தம் எதுவும் இல்லை. அவன் கவனிக்கவில்லை. பக்கவாட்டில் நடந்துபோக வழியே விடாமல் மேசைகள், தட்டிகள், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். முதல் மேசையில் உல்ஜின்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெரியத்தையின் ஹன்போக் இளநீலம். அப்பா மட்டும் எழவில்லை, தட்டிலிருந்த கரண்டியை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

இசை மெதுவாகத் தொடங்கியது. ஹேரான் இசைக்குக் காத்திருக்கவில்லை. ஒரு கையில் பாவாடையை வாரிப் பிடித்து, மறு கையில் திறந்த கணினியை ஏந்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்தாள். 1.51. நடை ஓட்டமாயிற்று. முதுகில் ஒரு கவ்வி தெறித்து யாருடைய சூப்பிலோ விழுந்தது. 1.40. கூரையிலிருந்து சோப்புக் குமிழிகள் இறங்கின, திரையின் வெளிச்சம் அவற்றில் நீலமாக விழுந்தது.

"பாவம், என்னமா ஓடுறா பாரு," என்றாள் பெரியத்தை, பக்கத்திலிருந்தவளிடம். "நாலு மாசம் காத்திருந்தா இல்ல."

சோக் நிமிர்ந்து பார்த்தான். கையுறை இல்லாத கையைக் கோட்டுக்குள் விட்டான்.

வெண்ணாரை கல்யாண மாளிகையின் முன்பதிவுகள் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, கணக்கு எழுதும் பெண்ணின் மேசையில் இருக்கும் ஒரு பச்சை அட்டை நோட்டில் பென்சிலால்தான் முதலில் எழுதப்படுகின்றன; ஹேரானின் கல்யாணம் அதில் ஜூலையிலேயே அடிக்கப்பட்டிருந்தது, யாரும் திறந்து பார்க்கவில்லை.