பெட்டி பிரிக்கும் சாயங்காலம்

மீனாட்சிபுரத்தில் கறவை மாடு வைத்துப் பிழைக்கும் கோகுல்நாத்துக்கு பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. சீட்டாட்டமும் கிடையாது. பொள்ளாச்சிக்கு மாட்டுத்தீவனம் வாங்கப் போகும்போதெல்லாம் ஒரு பெட்டி ஃபுட்பால் கார்டு வாங்கி வருவான். அவனுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். சீல் வைத்த பெட்டிக்குள் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் இருக்கும். எந்தப் பாக்கெட்டில் எந்த ஆட்டக்காரர் படம் இருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும். அப்படிச் சேர்த்துச் சேர்த்து ஆல்பத்தை நிரப்ப வேண்டும்.

கல்யாணமாகி வந்த புதிதில் நர்மதா இதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். போகப் போகச் சிரிப்பு குறைந்தது. ஆல்பம் முக்கால்வாசி நிரம்பியபின் பெட்டிக்குப் பெட்டி பழைய முகங்களே வந்தன. அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க ஒரே கார்டு இரண்டு மூன்றாகக் கிடந்தது.

பெட்டி வரும் சாயங்காலம் மாமியார் சுப்பாத்தாள் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வேகமாக வருவாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "கோகுலு, பொட்டியக் கொண்டா சாமி" என்று சாப்பாட்டு மேசை முன்னால் உட்காருவாள். ஒருமுறை அவள் பிரித்த பாக்கெட்டில் தங்க ஓரம் போட்ட கார்டு ஒன்று வந்ததிலிருந்து அம்மாவுக்குக் கைராசி என்பது கோகுலின் நம்பிக்கை.

சுப்பாத்தாளுக்கு ஃபுட்பால் தெரியாது. சந்தையில் மாடு பார்ப்பது போல ஆட்டக்காரர்களைப் பார்ப்பாள்.

"இவன் காலப் பாரு, எத்தன எடுப்பா இருக்குது. இவன நம்பலாம். இந்தத் தாடிக்காரன் நம்ம சென்னியப்ப மாமனாட்டமே இருக்கறானே!"

நர்மதாவும் காபி தம்ளரோடு வந்து நிற்பாள். பிரித்து முடிந்ததும் மனம் மறுபடி கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

ஒருநாள் காலையில் தீவனப்புல் வெட்டிக்கொண்டிருந்தவனிடம் கேட்டே விட்டாள்.

"ஏனுங்க, இது கட்டுபடியாகுமுங்களா?"

"எது?"

"அந்தப் பெட்டிதானுங்க. வேணுங்கறது ஒண்ணு வர்றதுக்குள்ள வேண்டாதது ஒரு கூடை சேர்ந்து போகுது."

"நல்ல வெலைக்குப் போற கார்டு ஒண்ணு வுழுந்துச்சுன்னா இத்தன நாள் போட்டதெல்லாம் ஒரே வீச்சுல திரும்பி வந்துரும் நர்மதா."

"இதுவரைக்கும் வுழுந்துச்சுங்களா?"

கோகுல் அடுத்த புல்கட்டை இழுத்தான்.

அவள் விடவில்லை. போனில் தேடியதில் உடும்பஞ்சோலையிலிருந்து கார்டுகளைத் தனித்தனியாக விற்கும் ஆன்மேரி என்ற பெண் கிடைத்தாள். ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தபடி இதையும் செய்கிறவள். தமிழும் மலையாளமும் கலந்து படபடவென்று பேசினாள்.

"சேச்சி, உள்ளத சொல்றேன். பெட்டி வாங்கறது லாட்டரி மாதிரிதான். நாங்க நாலு பேர் சேர்ந்து மொத்தமா வாங்கி உடைக்கிறோம், அப்பவே சில மாசம் கையக் கடிக்கும். நீங்க இல்லாத கார்ட மட்டும் சொல்லுங்க, அது மதி."

அது போதும் என்றுதான் நர்மதாவுக்கும் பட்டது. ஆல்பத்தில் காலியாக இருந்த இடங்களைப் படம் எடுத்து அனுப்பினாள். அடுத்த வாரமே கூரியர் வந்தது. ஒரு பெட்டிக்கு ஆகும் செலவுகூட ஆகவில்லை.

கோகுலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே கார்டுகளைச் சொருகி முடித்தான். மறுநாள் ஆல்பத்தைச் சொசைட்டிக்கே கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தான். "உன்ற தலையே தலை" என்று நர்மதாவை மெச்சினான்.

அடுத்தமுறை பொள்ளாச்சி போனவன் தீவன மூட்டையோடு மட்டும் திரும்பினான். சுப்பாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"பொட்டி எங்க சாமி?"

"அதான் எல்லாம் வந்துருச்சேம்மா. இனி வேண்டியதில்ல."

"ஓ" என்றாள். எழுந்துபோய் டிவியைப் போட்டாள். கோகுல் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். நர்மதா காபித் தம்ளர்களைத் தனித்தனியாக அவரவர் இருந்த இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்புறம் வந்த சாயங்காலங்களும் அப்படியே போயின. கறவை, சொசைட்டி, சாணி என்று ஓடும் அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சிரித்தது அந்தப் பெட்டி வந்த நாட்களில்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் போட்ட கணக்கில் தப்பில்லை.

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் பொள்ளாச்சி போனவள் கோகுல் கார்டு வாங்கும் கடைக்குள்ளும் நுழைந்தாள். ஆல்பம் நிறைந்துவிட்ட கதையைக் கேட்ட கடைக்காரர் நேர்மையானவர்.

"அப்ப இத வாங்காதீங்க அம்மிணி. இது அதே சீசன் கார்டு. புதுசா ஒண்ணுகூட வராதுங்க."

"பரவால்லீங்க, குடுங்க."

மேசைமேல் பெட்டியைப் பார்த்ததும் கோகுல் திகைத்துப் போனான். "எல்லாம் நம்மகிட்ட இருக்கறதுதான? நீதான கட்டுபடியாகாதுன்னு சொன்னே?"

"ஆகாதுதானுங்க" என்றாள் நர்மதா. "அத்தை வர்றாங்க. கத்திரிக்கோல எடுங்க."

சுப்பாத்தாள் முதல் பாக்கெட்டைப் பிரித்தாள். தாடிக்காரன் வந்தான். "வந்துட்டயா மாமா!" என்று அவள் கூவியதில் கோகுல் காபியைச் சட்டையில் சிந்திக்கொண்டான். நர்மதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த பாக்கெட்டைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.

இப்போதும் அப்படித்தான். புது சீசன் கார்டும் ஆல்பமும் வந்தால் ஒரு பெட்டி, நடுவில் ஒரு பெட்டி. மீதியை ஆன்மேரியிடம் வாங்கிக்கொள்கிறார்கள். யாராவது லாபமா என்று கேட்டால், இல்லை என்று நர்மதா யோசிக்காமல் சொல்லிவிடுகிறாள்.