கட்டையின் மறுமுனை

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், என் செல்லங்களா. காது மந்தமானவர்கள் முன்னால் உட்காரட்டும். மண்ணுக்கு அடியில் நடந்த கதை ஒன்று சொல்கிறேன். கொட்டாவி விட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். பாதியில் எழுந்து போகாதீர்கள், அது போதும்.

விடிவதற்குள்ளேயே சுரங்க வாயிலில் ஆள் நிறைந்துவிடும். இரும்புக் கயிற்றில் தொங்கும் கூண்டு இறங்க இறங்கக் காது அடைக்கும். வாயில் துருச் சுவை ஊறும். கீழே முட்டுக்காரர்தான் முதலில் நடப்பார். கூரையைக் கம்பியால் தட்டுவார். கணீரென்றால் பாறை கெட்டி. பொத்தென்றால் உள்ளே விரிசல். அங்கே கட்டையை நிமிர்த்தி முட்டுக் கொடுப்பார். கட்டை கனம். தூக்க இரண்டு பேர் வேண்டும், முனைக்கு ஒருவர்.

அந்தச் சுரங்கத்துக்கு அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார். ஆட்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. கனிமம் போன வருஷத்தைவிடக் கூடுதலாக வருகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலைதான். ஒரே ஆளை வண்டிக்கு பிரேக் பிடிக்கவும் சொல்லி, பின்னாலிருந்து தள்ளவும் சொன்னால் அவர்தான் என்ன செய்வார், பாவம்!

விளக்குப் போட்ட பெரிய பாதையில் மட்டும்தான் அவர் நடப்பார்; ஆட்கள் கல் வெட்டும் உள் பாதைப் பக்கம் போக மாட்டார். அங்கே கட்டைகள் நெருக்கமாக நிற்க வேண்டும். புதுக் கட்டை வாங்கச் சுரங்க முதலாளிக்கு மனசு வராது. ஒரு தடவை அதிகாரி வரப்போகிறார் என்றதும், வாயிலில் நின்றபடியே முதலாளி சொன்னார்:

"உள் பாதையில நிக்கிறதை உருவிப் பெரிய பாதையில நடுங்கப்பா. அவர் போனதும் திருப்பி வெச்சுக்கலாம்."

முட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "ஐயா, அங்க கூரை பொத்துப்பொத்துன்னு சத்தம் குடுக்குது."

"நீ தட்டாம இரு, சத்தம் வராது."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே உருவினார்கள். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாதே.

அதிகாரி வந்தார், நடந்தார், இன்னும் ஆழமாகத் தோண்ட அனுமதி கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் கட்டைகளைத் திருப்பி வைக்க நேரம் கேட்டார்கள். "முதல்ல கல்லை ஏத்துங்க, சாயங்காலம் பார்க்கலாம்" என்றார் முதலாளி.

சாயங்காலத்துக்கு முன்பே உள் பாதை இடிந்தது. அடியில் மாட்டியவர் முட்டுக்காரரின் தங்கை புருஷன். வெறுங்கையால் கல்லை வாரி, நகம் பிய்ந்து, அவரை வெளியே இழுத்தார்கள். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

மேலே கல் பொறுக்கிக்கொண்டிருந்த தங்கை ஓடிவந்து அண்ணன் சட்டையைப் பிடித்தாள். "அந்தக் கட்டையை யாருண்ணா எடுத்தா?"

அவர் தன் பிய்ந்த நகங்களைப் பார்த்தார். அவள் அடித்திருந்தால்கூடத் தேவலை.

விசாரணைக்கும் அதே அதிகாரிதான் வந்தார். எல்லாரையும் சுரங்க வாயிலில் நிறுத்தினார்கள்.

"கட்டையை உருவினவன் எவன்னு மட்டும் காட்டுங்க" என்றார் முதலாளி. "அவனை அனுப்பிட்டா சுரங்கம் ஓடும்."

"உருவச் சொன்னது நீங்கதானே?" என்றாள் தங்கை.

"நானா? நான் கீழ இறங்கியே வருஷமாச்சு."

அதிகாரி தரையைப் பார்த்தார். "சுரங்கத்தை மூடச் சொன்னா மேலிடத்துல என்னைக் கேப்பாங்கம்மா. கனிமம் வந்தாகணும். என் கையில ஒண்ணும் இல்ல."

யார் கையிலும் ஒன்றும் இல்லை. பழி மட்டும் ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தது.

முட்டுக்காரர் முன்னால் வந்தார். "நான்தான் உருவினேன்."

தங்கை கண்ணைத் துடைத்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தாள். "ஒத்தை ஆளா அதைத் தூக்க முடியுமா? மறுமுனையை யாரு பிடிச்சா?"

 குள்ளர் என்று எல்லாரும் கேலி செய்யும் சுமைக்காரர் நகர்ந்து வந்தார். "மறுமுனை நான். எனக்கு உயரம் பத்தாதா, கட்டை என் பக்கம் சாஞ்சே வந்துச்சு."

"அடுத்த கட்டைக்கு நான்" என்றார் கூண்டுக்காரர்.

"நானும்."

"நானும்தான்."

முதலாளி பக்கத்தில் அதிகாரியைத் தவிர ஆள் இல்லை. "அனுப்புறதா இருந்தா எல்லாரையும் அனுப்புங்க" என்றார் குள்ளர். "கட்டை உள் பாதைக்குத் திரும்பாம இனிமே கல்லுல கை வைக்க மாட்டோம். அதிகாரி ஐயா, அடுத்த தடவை நாங்க நடக்கிற பாதையில நீங்களும் நடங்க."

முதலாளி கேட்டைப் பூட்டச் சொன்னார். அதிகாரி காரில் ஏறினார். படுக்கையில் கிடந்த தங்கை புருஷன் எழுந்து நடக்கவுமில்லை. பூட்டிய கேட்டுக்கு முன்னால் அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். முட்டுக்காரர் மட்டும் ஓரமாக நின்றார்.

தங்கை நகர்ந்து இடம் விட்டாள். "வந்து உக்காருண்ணா."

உங்கள் வீட்டுக் கூரை என்றைக்கும் கணீரென்று ஒலிக்கட்டும், என் செல்லங்களா. உங்கள் வீட்டில் யார் எதைத் தூக்கக் குனிந்தாலும், மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் இருக்கட்டும்.