நான்காம் மாடியில் ஓர் அமர்வு

1

கூலிக்கு எழுதிய ஒரு மனுவிலிருந்து வந்த கதை இது. பிறருக்கு மனுவும் கடிதமும் எழுதித் தருவது என் பிழைப்பு. மனுவில் சேர்க்க முடியாததை இங்கே சேர்க்கிறேன், அவ்வளவுதான்.

முதல் வரியாக, "ஏழைகளின் கண்ணீரைத் துடைக்க அந்த ஆணையம்..." என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். அந்த ஆணையத்திடம் கைக்குட்டைகூடக் கிடையாது. குறைந்த வருமானக்காரர்கள் குடியிருக்கும் கட்டடங்களைப் பற்றிய புகார்களை விசாரிக்கும் வட்டார ஆணையம் அது. உரிமையாளரை அழைக்கலாம், கேள்வி கேட்கலாம், பதிலைப் பதிவு செய்யலாம், பரிந்துரைக்கலாம். உத்தரவு போட முடியாது. அபராதமும் கிடையாது.

2

மனுதாரர் லாரி ஓட்டியவர். விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. மனைவி தையல் தைக்கிறார். வீடு நான்காம் மாடி. லிஃப்ட் பழுதானதிலிருந்து லாரிக்காரர் தெருவைச் சன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்.

(இங்கே மழை, புறா எல்லாம் எழுதிப் பார்த்தேன். அவர் படித்துவிட்டு, "புறாவா? எதிர்ல இருக்கறது டயர் கடைங்க" என்றார். புறாக்களை விரட்டிவிட்டேன்.)

3

மனுவோடு தையல்காரப் பெண்ணும் நானும் ஆணையத்துக்குப் போனோம்.

"மனுதாரர் நேர்ல வரணும்மா," என்றார் எழுத்தர்.

"அவர் இறங்கி வர முடிஞ்சா மனு எதுக்கு சார்?" என்றார் லாரிக்காரரின் மனைவி.

"விதி அப்படி இருக்கு."

"அப்ப நீங்க ஏறி வாங்க. பாதியில மூச்சு வாங்குச்சுன்னா, ரெண்டாவது மாடி அக்காகிட்ட நாற்காலி போடச் சொல்றேன்."

எழுத்தர் சிரித்துவிட்டார். ஆணையத் தலைவி சிரிக்கவில்லை. ஓய்வுபெற்ற செவிலியர் அவர். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். வட்டார எல்லைக்குள் எங்கு வேண்டுமானாலும் அமர்வு நடத்தலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. அதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. (மின்விசிறி இருக்கும் அறையை விட்டு யாருக்குத்தான் எழுந்திருக்க மனம் வரும்?)

"அமர்வு அவங்க வீட்டுலயே நடக்கட்டும். உரிமையாளருக்கும் அந்த விலாசத்தையே போட்டு அழைப்பாணை அனுப்புங்க," என்றார்.

"அவர் வரலைன்னா மேடம்?"

"கூப்பிட்டா வந்துதான் ஆகணும் தம்பி. அந்த அதிகாரமாவது நமக்கு இருக்கு."

4

உரிமையாளர் பாத்திரம்தான் எனக்குச் சரிவரவில்லை. முதலில் தொந்தி வைத்துத் தங்கச் சங்கிலி மாட்டினேன். சினிமாவில் கண்டிருக்கிறோமே, அந்த வில்லன் மாதிரி ஆனார். கழற்றிவிட்டேன். இப்போது அவர் முழங்கால் வலிக்காரர், அவ்வளவே. தன் கட்டடத்தில் மேலே ஏறிப் பல காலமாகிறது.

அமர்வு நாளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வருகிறார். உள்ளே தலைவியும் எழுத்தரும் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். லாரிக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் காத்திருக்கிறார். உரிமையாளர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார்.

"உக்காருங்க. தண்ணி குடிங்க," என்கிறார் லாரிக்காரர். "மெதுவாப் பேசலாம். நீங்க இன்னும் இறங்க வேற செய்யணும்."

தலைவி பேனாவை எடுக்கிறார். "லிஃப்ட் எப்ப ஓடும்? பதிவு பண்ணணும்."

5

முடிவு ஒன்று: உரிமையாளர் ஒரு தேதி சொல்கிறார், அந்தத் தேதியில்...

முடிவு இரண்டு: "வக்கீலைக் கேட்டுச் சொல்றேன்."

லிஃப்டை ஓட வைக்க எனக்கு ஒரே வரி போதும். ஆனால் தலைவிக்கே இல்லாத அதிகாரத்தை நான் எடுத்துக்கொள்வது நன்றாக இருக்காது. பார்த்ததைப் பதிவு செய்கிறேன். உரிமையாளர் தண்ணீரைக் குடித்து முடிக்கிறார். முழங்காலைத் தடவிக்கொள்கிறார். எழுந்து போய்ப் படிக்கட்டை எட்டிப் பார்க்கிறார். போய்விடவில்லை; திரும்பி வந்து லாரிக்காரருக்கு எதிரே உட்கார்கிறார். தொண்டையைச் செருமுகிறார்.

அமர்வு பொதுமக்களுக்கும் திறந்ததுதான். அவர் என்ன சொல்கிறார் என்று நீங்களே ஏறி வந்து கேளுங்கள்.