காரணம்: வெளியாள்

அப்பாவின் சட்டைக்கு நாலாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. ஆய்வகத்தில் கூட வேலை செய்பவன்.

“இந்த நேரத்துல கேக்கறேன்னு திட்டாத. அறிக்கை இன்னைக்கே போகணும். வியாழக்கிழமை இரைச்சலுக்குக் காரணம்ங்கற கட்டம் காலியா இருக்கு.”

“தெரியலைன்னு போடு.”

“ரெண்டு தடவை போட்டு ரெண்டு தடவையும் திரும்பி வந்தாச்சு.”

“அப்ப எங்கப்பா செத்துட்டாருன்னு போடு” என்று போனை வைத்தாள்.

கட்டிலின் மறுபக்கம் அத்தை அப்பாவின் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். “அதென்னடி இரைச்சல்? இன்னைக்குமா?”

“அளக்கறதுதான் என் வேலை” என்றாள் வெடுக்கென்று.

ஆய்வகத்தில் இரண்டு நீளக் குழாய்களுக்குள் லேசர் ஒளி ஓடி, கோடியில் தொங்கும் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும். எங்கோ வானத்தில் இரண்டு கருந்துளைகள் மோதினால் ஒளி போய்வரும் தூரம் மாறும். அந்த மாற்றம் ஓர் அணுவில் கோடியில் ஒரு பங்குகூட இருக்காது. அதைப் பிடிக்க வேண்டுமானால், கண்ணாடியை ஆட்டுகிற மற்ற எல்லா அதிர்வையும், அவர்கள் இரைச்சல் என்பதை, அளந்து பெயர் வைத்தாக வேண்டும். லாரி, பம்பு, காற்று. வியாழக்கிழமை வந்த அதிர்வுக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. ஒன்று அழுத்தமாக, ஒன்று லேசாக, முக்கால் மணி நேரம். பம்புகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார்கள். காவலாளியிடம் அவளே போய், “வண்டி ஏதாவது வந்துச்சா?” என்று கேட்டாள். வரவில்லை என்றார்.

“வியாழக்கிழமைன்னா உங்கப்பன் வந்தானே, அன்னைக்கா?” என்றாள் அத்தை.

“எங்க வந்தாரு?”

“உன் ஆபீசுக்குத்தான். அந்தப் பக்கம் சாமான் இறக்கப் போனவன், நெஞ்சு என்னமோ பண்ணுது, புள்ளகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்னு வந்திருக்கான். போன் அடிச்சா எடுக்கலயாம்.”

போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அவர்கள் உள்ளே போவார்கள்.

“அளவு எடுக்கறாங்க, உள்ள விடமுடியாதுன்னானாம் வாட்ச்மேன். பெரிய வேலை, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இவனும் சுவத்தோரமா நடந்துகிட்டே இருந்திருக்கான். உக்காந்தா அடைக்குதாம். உனக்குத் தெரியாதா?”

பழைய பீரோ ஒன்று சரிந்து அப்பாவின் இடது கால் நசுங்கியதிலிருந்து வலது காலை ஊன்றி, இடதை இழுத்துத்தான் நடப்பார். அழுத்தமாக ஒன்று. லேசாக ஒன்று.

வண்டி வந்ததா என்றுதான் கேட்டாள். ஆள் யாராவது வந்தார்களா என்று கேட்கவில்லை.

அவள் மாடிப்படிக்கு வந்து திரும்ப அழைத்தாள். “காரணம் கிடைச்சிடுச்சு. ஆள் நடமாட்டம்.”

“அப்பாடா. ஊழியரா, வெளியாளா? படிவத்துல ரெண்டுல ஒண்ணைத்தான் தொட முடியும்.”

அவள் திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலைப் பார்த்தாள்.

“இருக்கியா?”

“வெளியாள்.”

“சரி, போட்டுட்டேன். அந்த முக்கா மணி நேர அளவை வெட்டிடறேன்.”

“வெட்டு” என்றாள். வெட்டித்தான் ஆக வேண்டும். அவளாக இருந்தாலும் வெட்டியிருப்பாள்.

அப்பாவோடு சுமை தூக்கிய நாலு பேர் மேலே வந்தார்கள். மீசைக்காரர்தான் மூத்தவர். படியின் வளைவைப் பார்த்துக் கண்ணாலேயே அளந்தார்.

“எத்தனை பிரிட்ஜை இதுல ஏத்தியிருப்பான்! கடைசியில தன்னை இறக்க நம்மளை விட்டுட்டுப் போயிட்டான், பாவி” என்றவர் அவளிடம் குரலைத் தாழ்த்தினார். “கவலைப்படாதம்மா. சத்தமே கேக்காம இறக்கிடுவோம்.”

“வேணாம் மாமா. எப்பவும் போல சத்தம் போட்டே இறக்குங்க.”

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலைப்பக்கம் போய்க் குனிந்தார்.

“தூக்கு! தலைப்பக்கம் ஒசத்து! கால், கால், நிறுத்து… வளைவு! சுவத்துல இடிக்காத, சாய்ச்சுக்கோ… விடு, விடு, விடு!”

எட்டுக் கால்களும் படிகளை அதிரவைத்துக்கொண்டு இறங்கின. அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி பின்னால் போனாள்.

இரண்டாம் மாடியில் ஒரு கதவு பாதி திறந்தது.

“யாருப்பா வீடு காலி பண்றது?” என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

“வளைவு!” என்று மீசைக்காரர் மறுபடி குரல் கொடுத்தார்.