வெள்ளைக்கல் தூசியின் வளையம்

பேராசிரியர் ஜெபசீலன் ஒரு சிட்டிகைத் தூசியை எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவில் தேய்த்தார். ஊதினார். "பருமனான துகள், நெஞ்சுக்குள் இறங்காது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவ்வளவுதான் ஆராய்ச்சி. வெல்வெட் துணி போர்த்திய மைக்ராஸ்கோப்பு பக்கத்திலேயே இருந்தது. வாங்கிய நாள்முதல் அவர் அதைத் தூசி தட்டக்கூடத் தொட்டதில்லை.

அந்தக் கடிதத்தைக் கேட்டு வந்தவர் குமாரதாஸ். இராஜாக்கமங்கலத்தில் வெள்ளைக்கல்லை மாவாக அரைக்கும் ஆலை அவருடையது. இருமல் தாங்காமல் அங்கே பதினோரு பெண்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அடுத்த வாரம் தொழிற்சாலை இன்ஸ்பெக்டரின் விசாரணை.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பேராசிரியரின் கீழ் வேலை பார்த்த டெமான்ஸ்டிரேட்டர் ராஜபாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை பஸ் ஏறி இராஜாக்கமங்கலம் போனாள். வேலையை நிறுத்தியவர்களில் மூத்தவளான பூங்கனியின் வீடு ஆலையை ஒட்டி இருந்தது. உத்தரத்தில் படிந்த தூசியை அவள் தாளில் மடித்துக் கொடுத்தாள்.

"இத எப்படி டீச்சரே அளப்பிய?"

"வெளிச்சத்த வச்சு அளக்கலாம்."

ராஜபாய் ஒரு தகரத்தின் நடுவில் துளையிட்டாள். அதைச் சுற்றி வட்டமாகச் சின்னத் துளைகள். பின்னால் விளக்கு. கண்ணாடிச் சில்லில் தூசியைத் தூவி அதன் வழியே பார்த்தால் நடுத்துளையைச் சுற்றி ஒளிவளையம் தெரியும். துகள் சிறுக்கச் சிறுக்க வளையம் அகலும். அது துளைவட்டத்தோடு பொருந்தும் வரை சில்லை நகர்த்த வேண்டும். அளவு தெரிந்த லைக்கோபோடியம் என்னும் செடியின் வித்துத்தூளுக்குத் தகரத்திலிருந்து ஐந்தடி தள்ளிப் போக வேண்டியிருந்தது. பூங்கனி கொடுத்த தூசிக்குப் பத்தே அங்குலம். ஆறில் ஒரு பங்குதான் பருமன்; நெஞ்சுக்குள் இறங்கும் அளவு.

ஆலைக் கிட்டங்கியில், மாவு மூட்டைகளுக்கு நடுவே, விசாரணை நடந்தது. பேராசிரியர் கோட்டு போட்டு வந்திருந்தார். தகரத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"விளையாட்டுச் சாமான வச்சா சயின்ஸு?"

"ஏட்டி பூங்கனி, ஒனக்க இருமலுக்கு இதான் சாட்சியா?" என்றார் குமாரதாஸ்.

ராஜபாய் கதவைச் சாத்திவிட்டு விளக்கை ஏற்றினாள். இன்ஸ்பெக்டர் குனிந்து, சில்லைத் தாமே நகர்த்திப் பார்த்தார். இரண்டு முறை. பிறகு பேராசிரியரிடம் திரும்பினார்.

"நீங்க எத வச்சு அளந்திய?"

"மைக்ராஸ்கோப்பு" என்றார் பேராசிரியர், கூசாமல்.

"அப்போ அளவு எவ்வளவு?"

கடிதத்தில் எண் எதுவும் இல்லை. இத்தனை பேர் முன்னால் ஓர் எண்ணைப் புனையும் துணிச்சலும் அந்த மனிதருக்கு இல்லை. கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

இனி கல்லை நனைத்துத்தான் அரைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பத்துப் பேர் வேலைக்குத் திரும்பினார்கள். பூங்கனியால் மூட்டை தூக்க முடியவில்லை. வீட்டில் இருந்தபடியே ஓலை முடைந்தாள்.

விசாரணைக்கு மறுநாளே பேராசிரியர் ராஜபாயைக் கல்லூரி வராந்தாவில் மறித்தார். "எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா கேட்டிருப்பியளா சார்?"

பதிலுக்கு நிற்காமல் அவள் வகுப்புக்குள் போனாள்.