பதினோரு துறைகளும் ஒரு வாளியும்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெந்நீர் வாளியும் பிரஷுமாக வாசலுக்கு வந்தபோது, யூத ஜெபக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரல் தபாக்குக்கு மனதில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. ஜெபக்கூடத்துச் செங்கல் சுவரில் யாரோ வெள்ளைப் பெயிண்டில் வரைந்துவிட்டுப் போயிருந்த நாஜிச் சின்னத்தை அழிக்க வேண்டும். அதுவும் மறுநாள் காலைக்குள்.

காரணம், இம்ரே. தொண்ணூற்றொரு வயது. சனிக்கிழமைதோறும் ஜெபத்துக்கு முதல் ஆளாக நடந்து வந்துவிடுவார். புடாபெஸ்டில் சிறுவயதில் பார்த்த அந்தச் சின்னத்தை இன்னொரு ஜெபக்கூடச் சுவரில் பார்த்தால் அப்படியே திரும்பிவிடுவேன், பிறகு வரவே மாட்டேன் என்று சொல்லியிருந்தார். பத்து ஆண்கள் கூடினால்தான் யூதர்களின் வேதமான தோரா சுருளை வெளியே எடுத்து வாசிக்க முடியும். மெல்போர்ன் நகரத்துக் கால்ஃபீல்டின் இந்தச் சின்னக் கூடத்தில் இம்ரேயைச் சேர்த்தே சரியாகப் பத்துப் பேர்.

பிரஷை நனைப்பதற்கு முன்னால் பெரல் ஒரு தப்பு செய்தார். கதவில் ஒட்டியிருந்த அரசாங்க அறிவிப்பில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து தகவல் சொன்னார்.

"எதையும் தொட்டுடாதீங்க, வந்துக்கிட்டே இருக்கோம்" என்றது ஒரு குரல்.

பத்து மணிக்குள் பதினோரு துறைகள் வந்துவிட்டன. யூத வெறுப்பை எதிர்க்கும் ஒருங்கிணைப்புக் குழுவின் தலைவி மிஸ் ஹார்க்ரோவ், வந்த வேகத்தில் வாளிக்கு 'ஆதாரம் நான்கு' என்று சீட்டு ஒட்டினார்.

"அது என் வாளிங்க" என்றார் பெரல்.

"உங்களுதா இருந்துச்சு" என்றார் அவர் கனிவாக.

கூட்டம் ஜெபக்கூடத்துக்குள்ளேயே நடந்தது. பெரலின் மனைவி ஹின்டா தேன் கேக்கும் ஊறவைத்த மீனும் வைத்தாள். தொல்பொருள் துறைக்குச் செங்கல்லின் வயதில் சந்தேகம். நீர்வளத் துறைக்குக் கழுவும் தண்ணீர் எந்தச் சாக்கடைக்குப் போகும் என்பதில் சந்தேகம். கல்வித் துறை இதைப் பாடத்தில் சேர்க்கலாமா என்று கேட்டது. அத்தனை பேரும் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு துண்டு கேக் கேட்டார்.

"பதினோரு பேருக்கு ரெண்டு ரெண்டு கை. கொஞ்சம் எண்ணிப் பாரு" என்று ஹின்டா கணவனின் காதில் சொன்னாள். "அதுல ஒரு கைகூட பிரஷைத் தொடலை."

"சும்மா இரு. நம்ம பக்கம்தானே பேசுறாங்க."

"நம்ம பக்கம் பேசட்டும். சுவர் அந்தப் பக்கம் இருக்கு."

மூலையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். டிராம் துறையைச் சேர்ந்த செய்னி ஃபோனுவா, பசிபிக் தீவான டோங்காவைச் சேர்ந்தவள். தண்டவாளத்திலிருந்து மூன்று மீட்டர் வரைதான் அவள் துறையின் பொறுப்பு. அளந்து பார்த்தார்கள். சுவர் நான்கு மீட்டர் தள்ளி இருந்தது. கிளம்பு என்று யாரும் சொல்லாததால் அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

குளிர்கால வெயில் சீக்கிரம் மங்கியது. ஓய்வுநாளை வரவேற்க ஹின்டா விளக்கேற்றி, கண்ணை மூடி ஜெபித்தாள். சூரியன் மறைந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். மிஸ் ஹார்க்ரோவ் காகிதத்தை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தார்.

"ஒப்புதல் கிடைச்சாச்சு! தேய்க்கலாம்! இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, மிஸ்டர் தபாக்."

பெரல் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓய்வுநாள் பிறந்துடுச்சு. நாளைக்கு இருட்டுற வரைக்கும் நான் எழுதக் கூடாது, தேய்க்கவும் கூடாது."

"அப்ப எங்களைத் தேய்க்கச் சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்லவும் கூடாது." பெரல் தொண்டையைச் செருமினார். நேரடியாகக் கேட்காமல் குறிப்புக் காட்டலாம், மதச் சட்டத்தில் அதற்குத் தடையில்லை. அவர் தெருவைப் பார்த்துச் சொன்னார்: "சுவர் சுத்தமா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்."

"அருமையான கருத்து" என்று மிஸ் ஹார்க்ரோவ் குறித்துக்கொண்டார். "திங்கட்கிழமை கூட்டத்துல முதல்ல இதைத்தான் எடுத்துக்கறோம்."

கார்கள் கிளம்பின. வாளியை எந்தத் துறை எடுத்துப்போவது என்று முடிவாகாததால் அது வாசலிலேயே நின்றது. எதிரே டிராமுக்குக் காத்திருந்த செய்னி திரும்பி வந்தாள்.

"நீங்க கேக்க முடியாது, இல்லையா?"

பெரல் வானத்தைப் பார்த்தார். "அழகான பிரஷ் அது."

செய்னி சிரித்தாள். "எங்க ஊர்லயும் ஞாயித்துக்கிழமை வேலை செய்யக் கூடாது, இப்படித்தான். எங்கம்மாவும் வானத்தைப் பாத்துத்தான் பேசுவாங்க." அவள் கோட்டைக் கழற்றினாள். ஆதாரம் நான்கில் பிரஷை முக்கினாள்.

மறுநாள் காலை இம்ரே வந்தபோது பெரல் வாசலில் நின்றார். சின்னம் இருந்த இடம் தெரியவில்லை. அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் அதே வடிவத்தில் வெளுத்திருக்கும் என்று செய்னி சுவர் முழுவதையும் தேய்த்திருந்தாள். பழைய புகை அழுக்கெல்லாம் போய்ச் செங்கல் புதிதாகச் சிவந்திருந்தது.

இம்ரே கைத்தடியால் சுவரைத் தட்டினார். ஈரம். நெடுநேரம் அதையே பார்த்தார்.

"யாருப்பா கழுவினது?"

"டிராம் துறை, ஐயா."

"அவங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல. அதனாலதான் முடிஞ்சுது."

இம்ரே தலையாட்டிக்கொண்டே படியேறினார். உள்ளே பெரல் எண்ணிப் பார்த்தார். பத்து.