பின்சீட்டில் வந்த தூக்கம்

டெய்லரின் கார் ஒரு மாதமாகத் தெருவையே எழுப்பிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினால் போதும், டிராக்டர் வந்துவிட்டதோ என்று எதிர்வீட்டு நாய் எழுந்து நிற்கும். சைலன்சர் குழாயில் எங்கோ ஓட்டை என்று அவருக்கும் தெரியும். கடையில் தலைக்கு மேல் வேலை. "சத்தம்தானே, வண்டி ஓடுதுல்ல" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

அந்தக் காரில்தான் தினமும் காலை எட்டேகாலுக்கு மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவார். ஏழு வயது. வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். கொஞ்ச நாளாகவே குட்டி பின்சீட்டில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் தூங்கிவிடுவாள். இறங்கும்போது உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. முதல் பீரியடில் தூங்கி வழிகிறாள் என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினார். தலை வலிக்கிறது என்றும் அடிக்கடி சொன்னாள்.

"எந்நேரமும் டிவியைப் பார்த்துக்கிட்டிருந்தா தலை வலிக்காம என்ன செய்யும்?" என்று அவள் அம்மா ரிமோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அதன் பிறகும் தூக்கம் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் தனியாக இருந்தார். எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். இரவுப் பணி முடிந்து ஏழு மணிக்கு வருவார், குளித்துவிட்டு எட்டு மணிக்குப் படுப்பார். எட்டேகாலுக்கு டெய்லரின் கார் உறுமும். இரண்டு முறை ஜன்னலைப் படாரென்று சாத்திக் காட்டினார். டெய்லருக்கு அது உறைக்கவில்லை.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, பாதி வழியில் குட்டி வாந்தி எடுத்துவிட்டாள். டெய்லர் வண்டியைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்தார். வாசலில் நிறுத்தும்போது, கலைந்த தலையோடு சிஸ்டர் கேட்டருகே நின்றிருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"என்ன டெய்லர், மனுஷங்க தூங்க வேண்டாமா? போறப்ப ஒரு தடவை, வர்றப்ப ஒரு தடவையா?"

டெய்லர் அவசரமாக இறங்கினார். பின்கதவைத் திறந்து குட்டியைத் தூக்கினார். அவள் தலை அவர் தோளில் துவண்டு விழுந்தது.

சிஸ்டரின் குரல் சட்டென்று மாறியது. "பிள்ளைக்கு என்ன?"

"வாந்தி எடுத்துட்டா சிஸ்டர். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கல போல. தலைவலி வேற."

"தலைவலி எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே டெய்லரின் மனைவி உள்ளிருந்து ஓடிவந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வலிக்குதா?"

அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டி வீட்டை இரண்டாக்குவாள்.

"இல்ல சிஸ்டர்," என்றாள் அம்மா. "லீவு நாள்ல நல்லாத்தான் இருப்பா."

சிஸ்டர் காருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். பின்சீட்டுக் கண்ணாடிகள் இறுக மூடியிருந்தன. டெய்லர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் கெட்டுப்போய்ப் பாதியில் நின்றிருந்தது. "உங்களுக்குக் காத்து வருது, அவளுக்குப் புகை வருது. புகையில கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு விஷ வாயு இருக்கு, அதுக்கு வாசனையே கிடையாது. இனி இவளை இந்த வண்டியில ஏத்தாதீங்க. ஆட்டோ கூப்பிடுங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

தூக்கம் சொக்கிய கண்களோடு, செருப்பு மாற்றக்கூட நேரமில்லாமல், சிஸ்டரும் கூடவே ஏறிக்கொண்டார். ரத்தப் பரிசோதனையில் அவர் சொன்னது சரியென்று தெரிந்தது. குட்டிக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். மதியத்துக்கெல்லாம் கண்ணைத் திறந்து, "இந்த மூடியைப் போட்டுக்கிட்டா நான் எப்படிப் பேசுறது?" என்று கேட்டாள். டெய்லர் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதார். சரியான நேரத்தில் வந்தீர்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

மறுநாள் குட்டி வீட்டுக்கு வந்தாள். மெக்கானிக் வெளியூர் போயிருந்தார், திரும்ப நான்கு நாளாகும். அந்த வண்டி வாசலில் அப்படியே நிற்பதைப் பார்க்க டெய்லருக்குப் பொறுக்கவில்லை. மெக்கானிக்கிடம் போனில் வழி கேட்டுக்கொண்டு, சனிக்கிழமை காலை, எஞ்சின் ஆறிக்கிடக்கும்போதே வேலையை ஆரம்பித்தார்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, இரும்பு முட்டுக் கொடுத்து, முன்சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, சாக்கு விரித்து அடியில் படுத்தார். பின்சீட்டுக்கு நேர்கீழே குழாயில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்கு மேலே, வண்டித் தரையில், ஒரு ரப்பர் மூடி விழுந்துபோன துளை. புகை ஏறிய வழி அதுதான். அவர் கொஞ்ச நேரம் அசையாமல் படுத்துக்கிடந்தார்.

"உள்ளே தூங்கிட்டீங்களா?" மனைவி குனிந்து பார்த்தாள்.

"பிரஷ்ஷைக் கொடு."

கம்பி பிரஷ்ஷால் துரு உதிரும்வரை தேய்த்தார். ஸ்க்ரூடிரைவர் பிடியால் சுற்றிலும் தட்டித் தட்டி, எதுவரை இரும்பு கெட்டியாக இருக்கிறது என்று பார்த்தார். உப்புத்தாள் போட்டுப் பளபளக்க வைத்தார். பிறகு கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவிக் குழாயைச் சுற்றினார்.

"இடுப்பளவு ஆறே கால்," என்று அடியிலிருந்து குரல் வந்தது. மனைவிக்கு மூன்று நாளில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. அவள் பேப்பரில் அளவு வெட்டி, அதைப் பால் பவுடர் டின் தகரத்தின்மேல் வைத்துக் கோடு போட்டாள். தையலுக்கு விடுவதுபோல் ஒரு விரல் கூடுதலாக விட்டு வெட்டினார்கள்.

சூடு தாங்கும் பசையை ஓட்டைக்குள்ளும் சுற்றிலும் அப்பி, தகரத்தைப் போர்த்தி, இரு பக்கமும் கிளாம்ப் போட்டு முறுக்கினார். தரையிலிருந்த துளைக்குப் புது ரப்பர் மூடி. பசை காயச் சாயங்காலம்வரை விட்டார்கள்.

வேலைக்குக் கிளம்பும் முன் சிஸ்டர் வந்தார். ஆஸ்பத்திரி பாய்லர் அறையிலிருந்து கேட்டு வாங்கிவந்த சின்னக் கருவி கையில் இருந்தது. அந்த வாயு இருந்தால் எண் ஏறும். அதைப் பின்சீட்டில் வைத்து, கதவுகளை மூடி, டெய்லர் வெளியிலிருந்தே கையை விட்டு எஞ்சினை ஓடவிட்டார். கார் தையல் மெஷின் மாதிரிச் சீராக ஓடியது. கால் மணி நேரம் மூவரும் கண்ணாடி வழியாக அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூஜ்யம் அசையவில்லை.

"மெக்கானிக் வந்ததும் புதுக் குழாய் போட்டுடுங்க. அதுவரைக்கும் கண்ணாடியை இறக்கி வெச்சே ஓட்டுங்க," என்றார் சிஸ்டர்.

டெய்லர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "சிஸ்டர், அன்னைக்கு நீங்க மட்டும்..."

"அய்யோ, நான் உங்களைக் கிழிகிழின்னு கிழிக்கத்தான் வந்தேன். உண்மையைச் சொல்றேன்."

"நல்லா கிழிங்க அக்கா. தினமும் வந்து கிழிங்க," என்று டெய்லரின் மனைவி அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடவே இல்லை. சிஸ்டரும் டியூட்டிக்கு நேரமாகிறது என்று சொல்லவில்லை.